வெள்ளவத்தைக் கரையின் மணல் எந்த மலையின் பாறை? வானிலையாலழிதல், அரிப்பு, படிதல் பற்றிய விவாத இழை

நெய்தல்மகள் (வெள்ளவத்தை) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மகள் உயர்தரத்தில் புவியியல் கற்கிறாள். வானிலையாலழிதல், அரிப்பு, படிதல் ஆகிய மூன்றுக்கும் வரைவிலக்கணம் கேட்டால் தடையின்றிச் சொல்கிறாள். ஆனால் அவள் படிக்கும் உதாரணங்கள் பெரும்பாலும் உறைபனி படியும் மலைகளையும் பாலைவனங்களையும் பற்றியவையாக இருப்பதால், தான் நாளும் பார்க்கும் நிலத்தில் அவை எங்கே நடக்கின்றன என்று அவளால் காட்ட முடியவில்லை. அவள் கேட்ட இரண்டு கேள்விகளை அப்படியே இங்கே வைக்கிறேன். கொழும்பில் நீர் உறைவதும் இல்லை, பகலுக்கும் இரவுக்கும் இடையில் வெப்பநிலை பெரிதாக மாறுவதும் இல்லை. அப்படியிருக்க இங்குள்ள பாறை எதனால் சிதைகிறது? புகையிரதப் பாதைக்கு அப்பால் எங்கள் கரையில் கிடக்கும் மணல் எந்த மலையின் பாறை? களனி கங்கை கொண்டுவந்தது என்று அயலில் பலர் சொல்கிறார்கள். ஆனால் களனியின் முகத்துவாரம் எங்களுக்கு வடக்கே அல்லவா இருக்கிறது என்று அவள் கேட்கிறாள். விளக்கக்கூடியவர்கள் உதவ வேண்டும்.

கரும்பலகை (பம்பலப்பிட்டி) எழுதியது:

சகோதரி, உங்கள் மகளின் இரண்டாவது கேள்வி மிக நல்ல கேள்வி. அதற்கு வருவதற்கு முன் முதற் கேள்வியைத் தீர்த்துக்கொள்வோம், ஏனெனில் பாறை சிதையாமல் மணல் பிறக்காது.

வானிலையாலழிதல் என்பது பாறை தான் இருக்கும் இடத்திலேயே உடைவதும் உக்குவதும். அங்கே எதுவும் எடுத்துச் செல்லப்படுவதில்லை. உடைந்ததை நீரோ காற்றோ அலையோ பெயர்த்து எடுக்கும்போதுதான் அரிப்புத் தொடங்குகிறது. எடுத்தது தன் வேகத்தை இழந்து அதைக் கீழே விடும்போது படிதல். மூன்றும் ஒரே தொடரின் பகுதிகள்தாம். எனினும் அவற்றுக்கிடையே பல ஆயிரம் ஆண்டுகள் இடைவெளி விழலாம் என்பதை மாணவர்களுக்கு எப்போதும் அழுத்திச் சொல்வேன்.

இனிக் கொழும்பு. ஆண்டுக்குச் சுமார் 2400 மில்லிமீற்றர் மழை, சராசரியாக 27 பாகை செல்சியஸ் வெப்பம். நீரும் வெப்பமும் ஒன்றாக இவ்வளவு தாராளமாகக் கிடைக்கும் இடத்தில் பாறையை அழிப்பது இரசாயனமே. மழைநீர் வளியிலிருந்தும், அதைவிட அதிகமாக மண்ணில் வேர்களும் நுண்ணுயிர்களும் வெளிவிடும் காற்றிலிருந்தும் காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மென்மையான காபோனிக் அமிலமாகிறது. இந்த நீர் கருங்கல்லின் வெடிப்புகளில் இறங்கும்போது, அதிலுள்ள பெல்ஸ்பார் என்னும் கனியத்தை நீர்ப்பகுப்பால் மாற்றுகிறது: பொட்டாசியம், சோடியம், கல்சியம் ஆகியவையும் சிலிக்காவில் ஒரு பகுதியும் கரைந்து போய்விட, எஞ்சுவது கயோலின் என்னும் வெண்களி. இதற்கு உலகின் மறுகோடியில் உதாரணம் தேட வேண்டியதில்லை. பொரலஸ்கமுவையில் தோண்டி எடுக்கப்பட்ட கயோலின் இவ்வாறு பிறந்ததே. பீங்கானுக்கு மூலப்பொருளான அந்த வெள்ளைக் களி ஒரு காலத்தில் கடினமான பாறையின் பகுதியாக இருந்தது.

பாறையில் இரும்பைக் கொண்ட கனியங்கள் இருந்தால் அந்த இரும்பு ஒட்சியேற்றமடைந்து சிவக்கிறது. கரையக்கூடியவை எல்லாம் மழையோடு போனபின் இரும்பும் அலுமினியமும் ஒட்சைட்டுகளாகச் செறிந்து நிற்பதே நம் பழைய வீட்டுச் சுவர்களில் காணும் கபுக்கல். நிலத்துக்குள் ஈரமாக இருக்கும்போது கோடரியால் வெட்டி எடுக்கக்கூடிய அளவுக்கு மென்மையாக இருந்து, வெயிலும் காற்றும் பட்டபின் அது இறுகிவிடுகிறது. கொழும்பு, கம்பஹா மாவட்டங்களில் வீடு கட்டியவர்களுக்கு இது புதிய செய்தியன்று. ஆனால் தாம் சுவராக அடுக்கியது உக்கிய பாறையின் எச்சம் என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்பார்கள் என்று தெரியவில்லை.

துளைமண் (தெஹிவளை) எழுதியது:

ஐயா சொன்னதோடு என் தொழிலிலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன். கட்டட அத்திவாரத்துக்காக நிலத்தைத் துளையிட்டு மாதிரி எடுப்பது என் வேலை. கொழும்பிலும் அதன் புறநகரிலும் மேட்டு நிலத்தில் துளையிடும்போது, மேலே செம்மண், அதன்கீழ் சரளையும் கபுக்கல்லும், அதற்கும் கீழே வெள்ளையும் மஞ்சளும் சிவப்புமாகப் புள்ளியிட்ட களி, பின்னர் கையால் நொறுக்கக்கூடிய உக்கிய பாறை, கடைசியில் சம்மட்டிக்கு ஓசை எழுப்பும் புதுப்பாறை என ஒரு வரிசை கிடைக்கும். உக்கிய பாறையை வெளியே எடுத்துப் பார்த்தால் மூலப் பாறையின் கறுப்பு வெள்ளை வரிகள் அப்படியே இருக்கும். விரலால் அழுத்தினால் மாவாகும். உருவம் மாறாமல் உள்ளம் மட்டும் மாறிவிட்ட அந்த மாதிரியை முதன்முறை பார்க்கும் மாணவர்கள் நம்ப மறுப்பார்கள். இந்தப் படைகளின் மொத்தத் தடிப்பு 10 மீற்றரைத் தாண்டுவது தென்மேற்கில் அசாதாரணமன்று.

இன்னொன்று, பாறை எல்லா இடத்திலும் ஒரே சீராக உக்குவதில்லை. நீர் மூட்டுகளின், அதாவது பாறையில் இயற்கையாக உள்ள வெடிப்புகளின், வழியே இறங்குவதால் அவற்றை ஒட்டிய பகுதி முதலில் அழியும். ஒரு கட்டியின் முகப்பு ஒரு பக்கத்திலிருந்தும், விளிம்பு இரு பக்கத்திலிருந்தும், மூலை மூன்று பக்கத்திலிருந்தும் தாக்கப்படுவதால் மூலைகள் விரைவில் கரைந்து நடுவில் உருண்டைக் கல் மிஞ்சுகிறது. முழுக் கற்கண்டைவிட உடைத்த கற்கண்டு விரைவில் கரைவதற்கும் இதே காரணம்தான்: நீர் தொடும் பரப்பு. மண்ணுக்குள் புதைந்த இத்தகைய உருண்டைக் கற்களைத் தாய்ப்பாறை என்று தவறாகக் கருதி அத்திவாரத்தை நிறுத்திவிடும் ஆபத்து உண்டு. அதனால்தான் கல்லைத் தொட்ட பின்னும் சில மீற்றர் துளைத்துப் பார்க்கிறோம்.

எந்தக் கனியம் முதலில் அழியும் என்பதற்கு ஒழுங்கு உண்டு. 1938இல் சாமுவேல் கோல்டிச் என்னும் அமெரிக்கப் புவிச்சரிதவியலாளர் அதை வரிசைப்படுத்தினார். பூமியின் ஆழத்தில் மிகவும் உயர்ந்த வெப்பநிலையில் உருவாகும் ஒலிவின் போன்றவை மேற்பரப்பில் விரைவாக அழிகின்றன; குவாட்ஸ் கடைசிவரை நிற்கிறது. ஆகவே ஒரு பாறை முற்றாக உக்கும்போது பெல்ஸ்பார் களியாகிறது, இரும்பு சிவப்பாகிறது, குவாட்ஸ் மட்டும் மணியாக உதிர்கிறது. சகோதரியின் மகள் கரையில் காணும் மணலில் பெரும்பகுதி அந்த உதிர்ந்த குவாட்ஸ்தான்.

மஸ்கெலியாத்தம்பி (கொட்டாஞ்சேனை) எழுதியது:

பகல் வெயிலில் பாறை விரிந்து, இரவுக் குளிரில் சுருங்கி வெடிக்கிறது என்று நாங்கள் பாடசாலையில் படித்தோம். அது பிழையா? மஸ்கெலியாவில் மழை பெய்யும்போது சூடான பாறையில் தண்ணீர் பட்டுச் சிறு சத்தத்தோடு சில்லு பெயர்வதை நான் பார்த்திருக்கிறேனே.

கரும்பலகை எழுதியது:

தம்பி, பிழை என்று ஒரே சொல்லில் தள்ளிவிட முடியாது. நீண்ட காலம் நடந்த விவாதம் அது. 1936இல் டேவிட் கிரிக்ஸ் என்பவர் கருங்கல் துண்டொன்றை 89,400 தடவை சூடாக்கிக் குளிரவைத்தார். நாளுக்கு ஒரு தடவை என்று கொண்டால் அது 244 ஆண்டுகளுக்குச் சமம். உலர்ந்த நிலையில் செய்தபோது குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தெரியவில்லை. குளிரவைக்கும்போது நீர் தெளித்ததும் மேற்பரப்பு சிதையத் தொடங்கியது. இதிலிருந்து, வெப்பம் தனியாக வேலை செய்வதில்லை, நீர் கூட இருக்க வேண்டும் என்று பலர் முடிவு கட்டினர். ஆனால் சிறு துண்டு தடையின்றி விரியலாம். மலையோடு பிணைந்த பெரும் பாறை அப்படி விரிய முடியாது என்னும் எதிர்வாதம் நியாயமானது. 2016இல் வெளியான ஆய்வொன்றில், அமெரிக்காவின் யோசமிட்டிப் பள்ளத்தாக்கில் பாறைச்சுவரில் ஒட்டிநிற்கும் கருங்கல் தகடொன்று வெயிலுக்கேற்ப நாள்தோறும் வெளிநோக்கி அசைந்து மீள்வதையும், அதனால் வெடிப்பு மெல்ல வளர்வதையும் அளந்து காட்டினார்கள். எனவே வெப்பத்துக்குப் பங்கு உண்டு. அந்தப் பங்கு ஏற்கெனவே இருக்கும் வெடிப்பைப் பெருப்பிப்பதில் கூடுதலாக இருக்கிறது. உங்கள் மஸ்கெலியாப் பாறையில் நீங்கள் கண்டதும் நீரும் வெப்பமும் சேர்ந்த செயல் என்றே கொள்ளலாம்.

இந்த இடத்தில் சிகிரியாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அது அணைந்த எரிமலையின் தொண்டையில் இறுகிய கற்குழம்பு என்று சுற்றுலாக் கையேடுகளிலும் இணையத்திலும் திரும்பத் திரும்ப எழுதப்படுகிறது. அது தவறு. நம் தீவின் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு, ஆழத்தில் பெரும் அமுக்கத்துக்கும் வெப்பத்துக்கும் உட்பட்டு உருமாறிய, கேம்பிரியனுக்கு முந்திய, அதாவது ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட, காலப் பாறைகளால் ஆனது. சிகிரியாவும் அவற்றுள் ஒன்றே. சுற்றியிருந்த, மூட்டுகள் மலிந்த பாறை உக்கி அரிபட்டுப் போக, மூட்டுகள் குறைந்த அந்தத் திணிவு மட்டும் சமவெளிக்கு மேலே 180 மீற்றர் அளவில் நிற்கிறது. தம்புள்ளை, யாப்பஹுவ ஆகியவையும் இதே வகையான எச்சக் குன்றுகள். மேலிருந்த பாரம் நீங்க நீங்க உள்ளே அமுங்கியிருந்த பாறை வெளிநோக்கி விரிந்து, மேற்பரப்புக்குச் சமாந்தரமாகத் தகடு தகடாகப் பிளக்கிறது. பழைய குகை விகாரைகளின் கூரைகளிலும் அத்தகைய வளைந்த பிளவுகளைக் காணலாம்.

வடமராட்சியான் (பாமன்கடை) எழுதியது:

நீங்கள் எல்லாரும் கருங்கல்லையே பேசுகிறீர்கள். யாழ்ப்பாணத்தில் நிலைமை வேறு. அங்கே அடித்தளம் மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல். கடலடியில் படிந்து உருவான அடையற் பாறை. காபோனிக் அமிலம் கலந்த மழைநீர் கல்சியம் காபனேற்றை கல்சியம் இருகாபனேற்றாக மாற்றிக் கரைத்துவிடுகிறது. கருங்கல் உக்கினால் களியும் மணலும் மிஞ்சும்; சுண்ணக்கல் கரைந்தால் அதிலிருந்த சிறு கலப்புகள் மட்டுமே சிவந்த மண்ணாக மேலே நிற்கும். மீதியெல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் நீரோடு போகிறது. குடாநாட்டில் ஆறு என்று சொல்லத்தக்க ஒன்று இல்லாததற்கும், புத்தூர் நிலாவரை போன்ற ஆழ்குழிக் கிணறுகள் இருப்பதற்கும், தரைக்கீழ் நீரை எல்லை மீறி இறைத்தால் உவர் ஏறுவதற்கும் இந்தக் கரைசலே அடிப்படை. நிலத்தின் மேல் ஓட வேண்டிய நீர், பாறை கரைந்த வெடிப்புகளிலும் குகைகளிலும் ஓடுகிறது. கிணற்றருகே ஊற்றப்படும் எந்தக் கழிவும் மண்ணால் வடிகட்டப்படாமல் நேராக அந்த நீரில் சேர்ந்துவிடும் என்பதையும் எங்கள் ஊரவர்கள் உணர வேண்டும்.

காற்றின் வேலையையும் யாரும் குறிப்பிடவில்லை. வடமராட்சி கிழக்கில் மணற்காடு என்று ஓர் ஊர் இருக்கிறது. கடல் ஒதுக்கிய மணலை வாடைக்காற்று உள்நோக்கித் தள்ளிக் குன்றுகளாகக் குவித்திருக்கிறது. காற்றால் பெரிய மணியைத் தூக்க முடியாது, மிக நுண்ணிய தூசியை அது தங்கவிடாது. ஆகவே குன்று மணலின் மணிகள் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும். அந்த மணலையும் அளவின்றி அள்ளுகிறார்கள் என்பது மனத்தை வருத்தும் விடயம். புயல் அலைக்கு முன்னால் கரையில் நிற்கும் அரண் அது.

மஸ்கெலியாத்தம்பி எழுதியது:

நன்றி ஐயா, நன்றி வடமராட்சி அண்ணா. என் மனத்தில் நெடுநாளாக இருக்கும் ஒன்றைக் கேட்கிறேன். வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. சரிவும் செங்குத்து. அப்படியானால் உலகிலேயே மிக வேகமாக அரிபடும் மலைகளில் எங்கள் மலைகளும் இருக்க வேண்டுமே?

துளைமண் எழுதியது:

தம்பி, பலரும் அப்படித்தான் எதிர்பார்த்தார்கள். அளந்தபோது வந்த விடை நேர் எதிரானது.

அண்டவெளியிலிருந்து வரும் கதிர்கள் நிலத்தின் மேல் ஓரிரு மீற்றருக்குள் இருக்கும் குவாட்ஸில் பெரிலியம்-10 என்னும் அரிய சமதானியை, அதாவது திணிவில் மட்டும் வேறுபட்ட பெரிலியம் அணு வகையை, உருவாக்குகின்றன. மேற்பரப்பு மெதுவாக அரிபட்டால் குவாட்ஸ் மணி நீண்ட காலம் அங்கே இருந்து அதிக பெரிலியத்தைச் சேர்க்கும். விரைவாக அரிபட்டால் குறைவாகச் சேர்க்கும். ஆற்று மணலில் அதை அளந்தால், மேலே உள்ள நீரேந்து பரப்பு ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் சராசரியாக என்ன வேகத்தில் தேய்ந்தது என்று கணிக்கலாம். மேல் மகாவலிப் பகுதியில் இம்முறையால் ஆராய்ந்து 2003இல் வெளியிட்ட முடிவின்படி, மனிதர் கைவைக்காத நிலையில் இயற்கை அரிப்பு ஆண்டுக்குச் சதுர கிலோமீற்றருக்கு 13 முதல் 30 தொன் வரையே. அதாவது ஆயிரம் ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 5 முதல் 11 மில்லிமீற்றர் பாறை. மழைக்காடு மூடிய, செங்குத்தான மலைக்கு இது வியப்பூட்டும் அளவுக்குக் குறைவு.

காரணம் இரண்டு என்று கருதுகிறேன். நம் மலைகள் இமயத்தைப் போல இப்போது மேலெழுந்துகொண்டிருக்கும் மலைகள் அல்ல. நிலம் உயராதபோது ஆறுகளுக்கு மேலும் மேலும் ஆழமாக வெட்டும் உந்துதல் கிடைப்பதில்லை. அடுத்தது, உக்கிய மண் தடித்துப் போர்த்தியிருக்கும்போது மழைநீர் புதுப்பாறையை அடையும் முன்பே தன் அமிலத்தன்மையை இழந்துவிடுகிறது. காட்டின் வேரும் சருகும் அந்த மண்ணை விட்டுக்கொடுப்பதில்லை. மழை மட்டும் மலையை அழிப்பதில்லை.

காட்டை நீக்கியதும் கணக்கு தலைகீழாகிறது. 19ஆம் நூற்றாண்டில் கோப்பிக்கும், 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தொடங்கிய பின் தேயிலைக்கும், அண்மைக் காலத்தில் மரக்கறிக்குமாகச் சரிவுகள் வெட்டவெளியாக்கப்பட்டன. அவ்வாறு திறந்த நிலங்களில் மண் இழப்பு இயற்கை வேகத்தின் பல பத்து மடங்கு. 1951இலேயே மண் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது என்பது இந்தப் பிரச்சினையின் பழைமையைக் காட்டும். பாறை மிக மெதுவாக உற்பத்தி செய்யும் மண்ணை நாம் சில தலைமுறைகளில் செலவழித்துக்கொண்டிருக்கிறோம். இதை எழுதும்போது எனக்கு உண்மையாகவே கவலையாக இருக்கிறது.

மஸ்கெலியாத்தம்பி எழுதியது:

மண்சரிவை இந்தத் தொடரில் எங்கே வைப்பது? 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகள் புதைந்ததை எங்கள் மக்கள் எவரும் மறக்கவில்லை.

துளைமண் எழுதியது:

அதை மறக்கவும் கூடாது. மண்சரிவு அரிப்பின் ஒரு வகை. ஆனால் அங்கே ஆறோ காற்றோ சுமப்பதில்லை, மண்திணிவு புவியீர்ப்பால் தானே இறங்குகிறது. பல நாள் மழைக்குப் பின் மண்ணின் துளைகளில் நீர் நிரம்பி அமுக்கம் ஏறும்போது மணிகள் ஒன்றையொன்று பற்றிநிற்கும் உராய்வு குறைகிறது. நீர் மண்ணைப் பாரமாக்குகிறது என்பது பாதி விளக்கம்தான். பிடிப்பை இழக்கச் செய்கிறது என்பதே முக்கியமான பாதி. மலையடிவாரத்தில் முன்பு சரிந்து வந்து தங்கிய கலப்பு மண்ணும் கற்களும் நிறைந்த மென்சரிவுகள் உண்டு. அவை ஒரு முறை படிந்த படிவுகள்; கீழே வெட்டினாலோ வடிகால் அடைபட்டாலோ மீண்டும் நகரக்கூடியவை. துரதிர்ஷ்டவசமாக, தோட்டங்களில் குடியிருப்பு அமைக்க வசதியாகத் தோன்றியவை பல இடங்களில் அந்த மென்சரிவுகளே. சுவரில் புதிய வெடிப்பு, மரமும் மின்கம்பமும் சாய்தல், ஊற்று திடீரெனக் கலங்குதல் அல்லது வற்றுதல் ஆகியவற்றைக் கண்டால் ஆய்வாளர் வரும்வரை காத்திருக்காமல் வெளியேறுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கைகளை உறவினருக்குத் தமிழில் உடனே சொல்லுங்கள்.

முகத்துவாரம் (மட்டக்குளி) எழுதியது:

மலையிலிருந்து ஆற்றுக்கு வருவோம். நான் களனியின் கரையில் வாழ்பவன். சிவனொளிபாதமலைத் தொடரில் தொடங்கி 145 கிலோமீற்றர் ஓடி எங்கள் பகுதியில் கடலைச் சேர்கிறது. தென்மேற்குப் பருவத்தில் அது செங்கபில நிறமாக வருவது ஐயா சொன்ன அந்தக் களியும் இரும்பும்தான். அந்நிறத்தைப் பார்த்து ஆறு நிறைய மணல் கொண்டுவருகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். நிறம் தருவது களி. மணல் அடித்தளத்தில் உருண்டும் தாவியும் கண்ணுக்குத் தெரியாமல் வருகிறது.

எந்த அளவுத் துகளைப் பெயர்க்க நீருக்கு எவ்வளவு வேகம் வேண்டும் என்று காட்ட 1935இல் சுவீடன் நாட்டு பிலிப் யூல்ஸ்ட்ரோம் வரைந்த வளைகோடு இங்கே உதவும். நுண்மணலைப் பெயர்க்கவே மிகக் குறைந்த வேகம் போதும். களி மணலைவிடப் பல மடங்கு சிறியதாக இருந்தும், துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் அதைப் பெயர்க்க அதிக வேகம் தேவை. ஆனால் ஒருமுறை எழும்பிய களி ஏறத்தாழ நின்ற நீரில்தான் படியும். நன்னீரில் மிதந்துவரும் களித்துகள்கள் ஒரே வகை மின்னேற்றம் கொண்டிருப்பதால் ஒன்றையொன்று தள்ளுகின்றன. கடலின் உப்பு கலந்ததும் அந்தத் தள்ளுகை குறைந்து திரள்களாகி அமிழ்கின்றன. முகத்துவாரத்தின் சேறும், வடக்கே முத்துராஜவெலவின் சேற்று நிலமும், நீர்கொழும்புக் களப்பின் அடியும் இப்படிச் சேர்ந்தவை. முத்துராஜவெல சுமார் 7000 ஆண்டுகளாக உருவானது என்று கணித்திருக்கிறார்கள். பனியூழிக்குப் பின் உயர்ந்த கடல் மட்டம் ஓரளவு நிலைத்த காலம் அதுதான். அதற்கு முன், 20,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட காலத்தில், கடல் இன்றைக்கு விட ஏறத்தாழ 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. களனி இன்னும் மேற்கே ஓடித்தான் கடலைக் கண்டிருக்கும்.

இப்போது ஆற்றில் மணல் குறைந்துவிட்டது. காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கங்கள் மேற்கிளைகளின் மணலைப் பிடித்துவைக்கின்றன. கீழே கட்டுமானத்துக்காக அள்ளியதில் ஆற்றின் அடி பல இடங்களில் கடல் மட்டத்துக்குக் கீழே தாழ்ந்துவிட்டது. அதன் விளைவாக வறட்சிக் காலத்தில் கடல்நீர் ஆற்றின் அடியோடு உள்ளே ஏறி, கொழும்புக்குக் குடிநீர் எடுக்கும் அம்பத்தலை வரை உவர் அச்சுறுத்துகிறது. மணல் என்பது ஆற்றுக்கு வேண்டாத பாரம் என்று நினைப்பவர்கள் தங்கள் வீட்டுக் குழாய் நீரோடு அதைத் தொடர்புபடுத்திப் பார்க்க வேண்டும்.

கரும்பலகை எழுதியது:

இனிச் சகோதரியின் இரண்டாவது கேள்வி. உங்கள் மகள் திசையைக் கவனித்தது மிகச் சரி. தென்மேற்குப் பருவத்தின் அலைகள் மேற்குக் கரையைச் சரிவாக வந்து மோதுகின்றன. மோதும் அலை மணலைச் சரிவாக மேலேற்றும். திரும்பும் நீர் நேராகக் கீழே இழுக்கும். இப்படி ஒவ்வோர் அலைக்கும் மணி சிறிது வடக்கே நகர்கிறது. வடகீழ்ப் பருவத்தில் சில நாட்களில் எதிர்த்திசையில் நகர்ந்தாலும் ஆண்டின் மொத்தக் கணக்கு வடக்கு நோக்கியே. ஆகவே களனியின் மணல் பெரும்பாலும் நீர்கொழும்புப் பக்கத்துக்கே போகிறது. வெள்ளவத்தைக்கு வருவது தெற்கிலிருந்து, முக்கியமாகக் களுத்துறையில் கடலைச் சேரும் களு கங்கையின் மணல். அதுவும் சிவனொளிபாதமலைத் தொடரில்தான் தொடங்கி இரத்தினபுரி வழியாக வருகிறது. மணிக்கல் தோண்டுபவர்கள் இல்லம் என்று சொல்லும் பரல் படை அந்த ஆற்றுப் படுகையில் படிந்ததே: பாறை உக்கியபின் எஞ்சிய நீலக்கல், கெம்பு போன்ற கடினமும் கனமும் கொண்டவை, வேகம் தளரும் வளைவுகளில் முதலில் தங்கிவிட்டன. இலேசான குவாட்ஸ் கடல்வரை வந்தது.

முகத்துவாரம் எழுதியது:

ஐயா, ஒரு திருத்தம் அல்ல, ஒரு மாற்றுக் கருத்து. இன்று கரை தேய்வதற்கு ஆற்று மணல் குறைந்ததே முதற் காரணம் என்று நினைக்கிறேன். ஆனால் எங்கள் அயலில் பலர், 1885இல் முடிக்கப்பட்ட துறைமுக அலைதடுப்பு அணையில் தொடங்கி இன்றைய நிரப்பு நிலம் வரை, கடலில் கட்டியவையே காரணம் என்கிறார்கள்.

துளைமண் எழுதியது:

இரண்டையும் பிரிக்காமல் வரவு செலவாகப் பார்க்க வேண்டும். ஒரு கரைத் துண்டுக்குத் தெற்கிலிருந்தும் ஆற்றிலிருந்தும் வரும் மணல் வரவு; வடக்கே போவதும் ஆழ்கடலுக்கு இறங்குவதும் செலவு. ஆறு குறைந்தால் வரவு எங்கும் குறைகிறது. கடலுக்குள் நீளும் கட்டுமானம் மொத்த அளவைக் குறைக்காவிட்டாலும், தன் தெற்குப் பக்கத்தில் மணலைப் பிடித்து வடக்குப் பக்கத்தைப் பட்டினி போடுகிறது. உஸ்வெட்டகெய்யாவ முதல் நீர்கொழும்புக்கு அப்பால் வரை இரண்டு காரணங்களும் சேர்ந்து தாக்குகின்றன. கருங்கல் அடுக்கி ஓரிடத்தைக் காத்தால் அந்த இடம் நிற்கும், ஆனால் அங்கிருந்து அரிபட்டு அடுத்த கரைக்குப் போக வேண்டிய மணலும் நின்றுவிடும். புகையிரதப் பாதையைக் காக்க அதைத் தவிர்க்க முடியாது என்பதை ஏற்கிறேன்; ஆனால் அதைத் தீர்வு என்று அழைப்பதை ஏற்க மாட்டேன். கல்கிசைக் கரைக்காக 2020இல் கடலடி மணலை எடுத்து இரத்மலானைப் பக்கம் கொட்டியதும், அது வடக்கே நகரும் என்ற கணக்கில்தான். அப்படிக் கொட்டுவது வரவைக் கூட்டும் முறை. ஆனால் ஆறு செய்யும் வேலையைக் காசு கொடுத்துத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

பருவத்தையும் மறக்கக் கூடாது. வைகாசி முதல் புரட்டாதி வரை வலிய அலைகள் மணலை இழுத்துக் கரைக்குச் சற்று அப்பால் நீருக்கடியில் திட்டாக வைக்கின்றன. கடல் அமைதியானதும் மெல்லிய அலைகள் அதைத் திருப்பிக் கொண்டுவருகின்றன. ஆடியில் மட்டும் போய்ப் பார்த்துவிட்டுக் கரை அழிந்துவிட்டது என்றோ, தையில் மட்டும் பார்த்து மீண்டுவிட்டது என்றோ சொல்லக் கூடாது. ஒரே மாதத்தை ஆண்டுதோறும் ஒப்பிட வேண்டும்.

நெய்தல்மகள் எழுதியது:

உங்கள் எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. மகள் முழுவதையும் வாசித்துவிட்டாள். களப்படிப்புக் குறிப்பேட்டுக்காக எங்கள் கரை மணலை அவளே ஆராய விரும்புகிறாள். ஆய்வுகூடம் இல்லாமல் என்ன செய்யலாம்?

துளைமண் எழுதியது:

ஆய்வுகூடம் தேவையில்லை சகோதரி. ஒரு கைப்பிடி மணலை நன்னீரில் கழுவி உலர்த்தி வெள்ளைத் தாளில் பரப்பச் சொல்லுங்கள். உருப்பெருக்குக் கண்ணாடியில் நிறமற்றும் மங்கலாகவும் தெரிபவை குவாட்ஸ். இளஞ்சிவப்பாகத் தெரிபவை பெரும்பாலும் கார்னட், மலைநாட்டு நைஸ் என்னும் வரிகள் கொண்ட உருமாறிய பாறைகளிலிருந்து வந்தவை. வேறொரு பங்கில் வினாகிரியையோ தேசிக்காய்ச் சாற்றையோ விட்டால் நுரைத்து எழும் துண்டுகள் சிப்பியும் பவளமும். அவை எந்த மலையிலிருந்தும் வரவில்லை, கடல் உயிர்கள் கட்டியவை. அலை எட்டும் மேல் எல்லையில் கறுப்புக் கோடாகப் படிந்த மணலைத் தனியே எடுங்கள். காகிதத்தில் சுற்றிய காந்தத்தை அதன்மேல் அசைத்தால் மக்னற்றைற்று உடனே ஒட்டும், வலிய காந்தம் கிடைத்தால் இல்மனைற்றும் அசையும், சிர்க்கன் அசையாது. அலை இலேசான குவாட்ஸைத் திருப்பி எடுத்துச் சென்று கனமானவற்றை விட்டுவிடுவதால் அந்தக் கோடு உண்டாகிறது. இதே தெரிவு கிழக்குக் கரையில் மிகப் பெரிய அளவில் நடந்ததால்தான் புல்மோட்டையில் இல்மனைற்று, ரூட்டைல், சிர்க்கன் ஆகியவற்றைக் கொண்ட கனிய மணற் படிவு இருக்கிறது.

முடிந்தால் களுத்துறையில் ஆற்று முகத்திலும், பாணந்துறையிலும், உங்கள் கரையிலும் ஒரே நாளில் மாதிரி எடுத்து மூன்றையும் அருகருகே ஒட்டிவைக்கட்டும். அலையின் ஓட்டம் வலிதாக உள்ள ஆற்று முகத்தில் நீரில் இறங்க வேண்டாம். ஈரமான கரையோர மணலே போதும். ஒவ்வொரு பையிலும் இடத்தையும் திகதியையும், அலை எட்டும் எல்லைக்கு மேலா கீழா எடுத்தது என்பதையும் எழுதச் சொல்லுங்கள். சிப்பித் துண்டுகளின் பங்கு வடக்கே வர வர எப்படி மாறுகிறது என்று அவள் எண்ணிப் பார்த்து எழுதினால், முடிவை இந்த இழையிலேயே பதியுங்கள். நானும் அதைப் பார்க்க விரும்புகிறேன்.